உட்கார இடம் கேட்ட இசக்கிக்கு

மாடி ரூம் இசக்கிக்கு, உன் கீழ்வீட்டு அக்கா ஆசையோடு எழுதுவது.

பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் மறுபடியும் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ரேஷன் கடைக்குப் போய்விட்டு வரும்போது பார்த்தேன். அதே பார்க்குதான். பேரை மாற்றியிருக்கிறார்கள், படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். மற்றபடி மாடு மேயும் அதே மேய்க்கால் நிலம், அதே ஏரியோரம், அதே ராட்டினமும் தண்ணீரில் சறுக்கும் குழாய்களும். பொங்கல் முடிந்ததும் ஊர் மக்களிடம் கருத்துக் கேட்கப் போகிறார்களாம்.

படித்ததும் யாரிடம் சொல்லத் தோன்றியது தெரியுமா? உன்னிடம்தான். அரிசிப் பையை வாசலில் போட்டுவிட்டு நேராக மாடிப்படி ஏறிவிட்டேன். பாதி ஏறின பிறகுதான், மேலே நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது. நீ போய் வருஷம் ஒன்று தாண்டிவிட்டது. இந்தக் காலுக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன். உன் மாமா பார்த்துவிட்டு, "இன்னாடி, ரேஷன்ல அரிசி போடலயா?" என்று கேட்டார். அந்த மனுஷனை வைத்துக்கொண்டு நிம்மதியாக அழக்கூட முடியாது, உனக்குத் தெரியாதா.

அதனால்தான் எழுதுகிறேன். இந்த ஊரிலேயே அந்தப் பார்க்குக்கு ரொம்ப ஆசைப்பட்டவள் நீ. அதை நிறுத்தினதும் நீதான் என்று நான் சொல்கிறேன். ஊர் ஒத்துக்கொள்ளாது. ஊர் எதைத்தான் ஒத்துக்கொண்டிருக்கிறது?

முதல் தடவை போர்டு வைத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? மேய்க்கால் நடுவில் இரண்டு கம்பம் நட்டு, அதில் பச்சை நிறத்தில் ஒரு டைனோசர் படம் போட்டிருந்தான். வாயைத் திறந்து, கண்ணை உருட்டி, பக்கத்தில் ஒரு குடும்பம் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறது. ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினவள் வீட்டுக்குக்கூட வராமல் அங்கே ஓடினாய். உன் ரூம்காரி மகேஸ்வரியின் போனில் அந்த டைனோசர் கழுத்தைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி நின்று போட்டோ எடுத்துக்கொண்டாய். கம்பெனி தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"யக்கா, இது மட்டும் வரட்டும். மொத ஆளா நான்தான் போவேன், பாருங்க" என்று குதித்தாய்.

"வந்தா நம்ம கிணத்துல தண்ணி இருக்காது. எதுல குளிச்சிட்டுப் போவ?" என்றேன்.

"அங்க போயே குளிச்சுக்கிடுவேன்."

உனக்கு வாய் நீளம். எனக்கும் குறைவில்லை. அதனால்தான் நமக்கு ஒத்துப்போனது.

நீ முதன்முதலில் வந்தபோது இவ்வளவு வாய் இல்லை. சாத்தான்குளத்துப் பக்கமிருந்து ராத்திரியெல்லாம் பஸ்ஸில் வந்து, ஒரு தகரப் பெட்டியும் கருப்பட்டிப் பொட்டலமுமாக வாசலில் நின்றாய். நான், "குந்தும்மா" என்றேன். நீ திருதிருவென்று முழித்தாய். உனக்கு முன்னாலேயே வந்திருந்த மகேஸ்வரிதான், "உக்காரச் சொல்லுதாங்கட்டி" என்று உன்னைப் பிடித்து உட்கார வைத்தாள். அதற்குப் பிறகு எத்தனை வருஷம் அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கிண்டல் பண்ணினாய்! யார் வீட்டுக்கு வந்தாலும் நான் வாயைத் திறக்கும் முன்னால் நீ மாடியிலிருந்து, "குந்துங்க, குந்துங்க" என்று குரல் கொடுப்பாய்.

நிலத்தை விற்று வந்த பணத்தில்தான் மாடியில் அந்த ஷீட் ரூம்களைக் கட்டினோம். ஆறு பேர் ஒரு ரூமில். ஒருத்தி காலை ஷிப்டு, ஒருத்தி மத்தியானம், ஒருத்தி நைட்டு. எந்த நேரத்தில் பார்த்தாலும் அந்த ரூமில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள். லைட்டைப் போடக்கூடாது, ரேடியோ கூடாது, சிரிக்கக்கூடாது. வேலையில் நாள் முழுக்க லைனில் நிற்கிற பெண்கள், வீட்டுக்கு வந்தும் வராண்டாவில் நின்றுகொண்டு கிசுகிசுவென்று பேசுவீர்கள். என் வீட்டுக்குள் வந்து உட்காருங்கள் என்றால் உன் மாமா இருக்கிறார் என்று கூச்சம். அவர் பாவம், நீ 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டதற்கே ஒரு வாரம் சட்டைப் பட்டனையெல்லாம் சரியாகப் போட்டுக்கொண்டு திரிந்தார். பிறகு நான்தான் மாமா என்று கூப்பிடச் சொன்னேன்.

அப்படித்தான் நீங்கள் ஏரிக்கரையைக் கண்டுபிடித்தீர்கள். மதகுக்குப் பக்கத்தில், கரை கொஞ்சம் அகலமாக இருக்கும் இடம். போன் டவரும் அங்கேதான் நன்றாக எடுக்கும். சாயங்காலம் ஆனால் துப்பட்டாவை விரித்து வரிசையாக உட்கார்ந்துவிடுவீர்கள். ஒருத்தி அம்மாவோடு பேசி அழுவாள், அடுத்தவள் அவள் அழுவதைப் பார்த்துச் சிரிப்பாள். நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வரும்போது தூரத்திலிருந்தே உன் குரல் கேட்கும். மழைக்காலத்தில் ஏரி நிறைந்து நாரை வந்து இறங்கும்போது, நீ அதற்கும் ஏதோ பேர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாய். அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு அப்படியே மனசு நிறைகிறது.

அது பொறுக்குமா நம்ம ஊருக்கு? உன் மாமாவின் பெரியப்பா, நான் பெரிய மாமா என்று கூப்பிடுகிற கண்ணையன், தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிடுவார்.

"இன்னாம்மா இது? பொழுது சாயற நேரத்துல கரையில குந்திகினு கீறீங்க? எழுந்திருங்க. உங்களப் பாத்து பசங்க பைக் எடுத்துகினு சுத்துறானுங்க. ஊரு பேரு கெட்டுப் போவுது."

"பசங்களை ஏசுங்க தாத்தா. நாங்க சும்மாதான இருக்கோம்?" என்பாய்.

"வாய் பேசாத. வாடகைக்கு வந்த வூட்ல குந்துங்க. ஏரி ஊருக்குச் சொந்தம்."

நீங்கள் எழுந்து துப்பட்டாவை உதறிக்கொண்டு வருவீர்கள். மறுநாள் மறுபடியும் போவீர்கள். அவரும் மறுபடியும் வருவார். எத்தனை வருஷம் இது நடந்தது! நான் போய் அவரிடம் சண்டை போட்டால், "நீ உன் வூட்டு வேலையப் பாரு கோமளா" என்பார். அவர் வயசுக்கு அதற்கு மேல் நான் என்ன பேசுவது? பேசினேன், அது வேறு விஷயம்.

பார்க்கு விவகாரம் வந்த பிறகு ஊர் இரண்டாகப் பிளந்தது. டீக்கடையில் ஒரு பெஞ்சில் பார்க்கு வேண்டும் என்பவர்கள், எதிர் பெஞ்சில் வேண்டாம் என்பவர்கள். நடுவில் டீ ஆற்றுகிறவன் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான். வேலை வரும், கடை போடலாம், மனையின் விலை ஏறும் என்றார்கள் சிலர். ஏரிக்குத் தண்ணி கொண்டுவருகிற கால்வாய் அந்த மேய்க்கால் வழியாகத்தானே வருகிறது, அதை மூடிவிட்டு இவன் போர் போட்டு உறிஞ்சினால் கிணறெல்லாம் என்ன ஆகும் என்றார்கள் மற்றவர்கள். மெட்ராஸிலிருந்து காலேஜ் பிள்ளைகள் பெரிய பெரிய கேமராவோடு வந்து நாரையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். டிவியில் நான்கு பேர் உட்கார்ந்து நம் ஏரியைப் பற்றிச் சண்டை போட்டார்கள். அந்த நான்கு பேரில் ஒருத்தர்கூட நம் ஏரியைப் பார்த்ததில்லை.

நான் வேண்டாம் கட்சி. "நிலத்த வித்து ரூம் கட்னவ இப்ப ஏரிக்குக் கத்துறா பாரு" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். ஆமாம், கத்தினேன். நிலத்தை விற்றோம், கிணற்றுத் தண்ணியை விற்கவில்லையே? மீதி இருக்கிற துண்டு நிலத்தில் நெல் போடுவதும் அந்த ஏரியை நம்பித்தான். மாடியில் உங்கள் டேங்க் நிறைவதும் அந்தக் கிணற்றை நம்பித்தான்.

நீ வேண்டும் கட்சி. மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது தினமும் நமக்குள் பஞ்சாயத்து. ஒரு நாள் நீ சிரிக்காமல் பேசினாய். அது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"யக்கா, உங்களுக்கு ஏரி இருக்கு, கிணறு இருக்கு, வீடு இருக்கு. எங்களுக்கு இங்கன என்ன இருக்கு? காலையில இருந்து நிக்கோம். சாயங்காலம் ஒரு மணி நேரம் எவனும் ஏசாம உக்காரணும், அவ்வளவுதான். கரையில உக்காந்தா தாத்தா வெரட்டுதாரு. பஸ் ஸ்டாண்டுல உக்காந்தா கண்டவனும் பாக்குதான். பார்க்குன்னு ஒண்ணு வந்தா அங்க போயி உக்காருவேன். வெரட்டுவானா?"

துணியை மடித்துக்கொண்டிருந்தேன். நீயே, "சரி விடுங்க, மூஞ்ச அப்படி வைக்காதீக" என்று சொல்லி ஒரு கிளிப்பை என் மூக்கில் மாட்டிவிட்டு ஓடிப்போனாய்.

கூட்டம் நடந்த நாளை எப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கல்யாண மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் யாருடைய ரிசப்ஷனுக்கோ ஒட்டின இதயம் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே அதிகாரி உட்கார்ந்திருந்தார். வீடியோ எடுத்தார்கள். ஷிப்ட் பஸ் மண்டப வாசலிலேயே நின்றதால், நீங்கள் யூனிபாரத்தோடு மொத்தமாக உள்ளே வந்து பின்வரிசையில் நின்றீர்கள். உங்களுக்கு நாற்காலி இல்லை. அங்கேயும் நின்றுகொண்டுதான் இருந்தீர்கள்.

பார்க்கு கம்பெனிக்காரர் கோட்டு போட்டிருந்தார். திரையில் படம் காட்டிக் காட்டி விளக்கினார். இங்கே ராட்டினம், இங்கே அலை அடிக்கும் குளம், இங்கே சாப்பாட்டுக் கூடம். கால்வாயைப் பற்றி மட்டும் வேக வேகமாகத் தாண்டிப் போனார். முடித்துவிட்டு மைக்கை வாய்க்குக் கிட்டே வைத்து உரக்கக் கேட்டார்:

"எல்லாம் ஓகேவா?"

"ஓகே சார்!"

பின்வரிசை முழுக்க ஒரே குரலாகக் கத்தியது. கத்திவிட்டு எல்லோரும் சேர்ந்து மூன்று தட்டு தட்டினீர்கள். டப், டப், டப். மண்டபமே அதிர்ந்தது.

நீங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்ட பார்வை இருக்கிறதே! மகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். நீ கையைப் பார்த்துக்கொண்டு நின்றாய், யாரோ அடுத்தவள் கையைப் பார்க்கிற மாதிரி. மேடையில் கோட்டுக்காரர் முகம் மலர்ந்து கும்பிட்டார். வீடியோக்காரன் கேமராவை உங்கள் பக்கம் திருப்பினான்.

அவ்வளவுதான், மண்டபம் கொதித்துவிட்டது. "பாத்தியா, வாடகைக்கு வந்தவளுங்க நம்ம ஏரிய வித்துட்டாளுங்க!" என்று ஒருத்தன் எழுந்தான். "பிரியாணி வாங்கிக் குடுத்து கூட்டியாந்துகிறான்" என்றான் இன்னொருத்தன். பெரிய மாமா தடியைத் தரையில் தட்டி, "நாளைக்கே எல்லாரும் ரூமைக் காலி பண்ணணும். எவன் வூட்ல இருந்தாலும் சரி" என்றார். கைதட்டல் அதற்கும் கிடைத்தது. ஒரு வார்த்தைக்கு இத்தனை பெண்கள் பெட்டியோடு தெருவில் நிற்க வேண்டுமா?

அப்போதுதான் நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாய். தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாய். அதிகாரி, "பேரு, ஊரு சொல்லிட்டுப் பேசும்மா" என்றார்.

"பேரு இசக்கியம்மாள் சார். ஊரு..." என்று நிறுத்தினாய்.

"ஊர்க்காரங்கதான் பேசணும்!" என்று யாரோ கத்தினார்கள்.

"ஓட்டு சாத்தான்குளத்துல. சோறும் வேலையும் இங்கன" என்றாய். "சார், இப்ப நாங்க கத்துனது இருக்குல்லா, அது பழக்கத்துல வந்திருச்சு சார். தெனமும் ஷிப்டுக்கு முன்னாடி மீட்டிங் இருக்கும். சூப்பர்வைசர் என்ன சொன்னாலும் சொல்லிட்டு கடைசியில 'எல்லாம் ஓகேவா'ம்பாரு. நாங்க 'ஓகே சார்'னு கத்தி மூணு தட்டு தட்டணும். ஓகே இல்லன்னா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிப்பாரு. அதான் ஓகே கேட்டா ஓகேன்னு வந்திருது. ஒண்ணும் புரியல சார் எங்களுக்கு."

முதலில் சிரித்தது அதிகாரிதான். பிறகு மண்டபம் முழுக்கச் சிரித்தது. ரூமைக் காலி பண்ணணும் என்றதற்குக் கைதட்டினவனும் சிரித்தான். எனக்கு மூச்சு வந்தது. நீ அதோடு பின்வரிசைக்குத் திரும்பியிருக்கலாம். நீ போகவில்லை. கோட்டுக்காரர் பக்கம் திரும்பினாய்.

"சார், எனக்கு உங்க பார்க்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. உள்ள சும்மா உக்காந்து பேச பெஞ்சு இருக்குமா சார்?"

"நிறைய இருக்கும்மா. நிழலா, நல்லா இருக்கும்."

"டிக்கெட் எடுக்காம வரலாமா?"

"டிக்கெட் எடுத்துட்டுத்தாம்மா உள்ள வரணும்."

"தெனமும் எடுக்கணுமா? நான் சாயங்காலம் ஒரு மணி நேரம் உக்காரத்தான் கேக்கேன்."

அவர் சிரித்துக்கொண்டே கையை விரித்தார். ஜனமும் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. அப்படியே ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினாய். பெரிய மாமா முன்வரிசையில் இருந்தார்.

"அப்ப ஏரிக்கரையில உக்காரலாமா தாத்தா?"

கரையைக் காப்பாற்ற வேண்டும் என்று காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்திய ஊர். ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.

"ஏரி ஒங்களுக்குச் சொந்தம். பார்க்கு அவுகளுக்குச் சொந்தம். நாங்க எங்க உக்காரது? அதுக்கு யாராச்சும் பதில் சொல்லுங்க. பதில் சொல்லுத பக்கம் நாங்க கை தூக்குதோம்."

நான் எழுந்துவிட்டேன். "என் வூட்டுப் புள்ளைங்க கரையில குந்தும். எவன் கேக்குறான்னு நானும் பாக்கறேன்" என்று கத்தினேன். ஆனால் நான் பேசி என்ன, அவர்கள் பேசவில்லையே. அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு கேட்டால், தொழிலாளர்களுக்கு இருக்கை வசதி கோரப்பட்டது என்று எழுதியிருக்கிறார்களாம். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

எனக்கு ஒன்று மட்டும் தெரியும். உன் கேள்விக்குப் பிறகு அந்தக் கூட்டமே மாறிவிட்டது. டிக்கெட் என்ற வார்த்தையைக் கேட்டதும் மற்றவர்களுக்கும் கேள்வி முளைத்தது. மாட்டுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டுமா, கால்வாயில் போகிற தண்ணிக்கும் டிக்கெட்டா என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். கோட்டுக்காரரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பார்க்கு கிடப்புக்குப் போனது. போர்டை மட்டும் கழற்றாமல் போய்விட்டார்கள்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது, "ஜெயிச்சிட்டோம்டி" என்றேன். "நீங்க ஜெயிச்சிட்டீங்கக்கா. எனக்கு டைனோசரும் போச்சு, கரையும் கிடைக்கல" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். பிறகும் கரைக்குப் போனாய். பெரிய மாமாவும் வந்தார். முன்னே மாதிரி கத்தவில்லை. தூரத்திலேயே இருமுவார். நீங்கள் எழுந்து போவதற்கு நேரம் கொடுக்கிறாராம். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த மரியாதை.

அப்புறம் அந்தக் காய்ச்சல். கஞ்சி வைத்துக்கொண்டு மேலே வந்தால், நைட்டு ஷிப்டுப் பெண் தூங்குகிறாள் என்று இருட்டிலேயே படுத்துக்கொண்டு, "மெல்லப் பேசுங்கக்கா" என்றாய். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஊரிலிருந்து உன் அம்மா வந்து சேரும்போது நீ பேசும் நிலையில் இல்லை. அப்படியே போய்விட்டாய். அந்த அம்மாவை நான் எந்த வார்த்தை சொல்லித் தேற்றுவேன்? "குந்தும்மா" என்றுகூட எனக்கு வாய் வரவில்லை.

உன்னை ஊருக்கு ஏற்றிக்கொண்டு போகிற வண்டி வாசலில் நின்றது. வேலையில் இல்லாத இரண்டு ஷிப்டுப் பெண்களும் தெருவில் நின்றார்கள். டிரைவர் நல்ல மனுஷன். எந்த வழியாகப் போகிறோம், எங்கே நிறுத்துவோம் என்று மகேஸ்வரியிடம் பொறுமையாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு எல்லோரையும் பார்த்து, "கிளம்பலாம்மா? ஓகேவா?" என்றார். அத்தனை பெண்கள் நின்றார்களே இசக்கி, ஒருத்திகூட ஓகே சொல்லவில்லை. அவரே கதவைச் சாத்தினார்.

சரி, அழவைக்க எழுதவில்லை. ஊர் சேதி சொல்கிறேன், கேள்.

இந்த வருஷம் பெய்த மழையை நீ பார்த்திருக்க வேண்டும். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டு மெட்ராஸே மிதந்தது. நம் ஏரி கரைக்குச் சமமாக நின்றது. மேய்க்கால் முழுக்கத் தண்ணி. உன் டைனோசர் கழுத்தளவு தண்ணியில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. தாகத்தில் நிற்கிறது என்று மகேஸ்வரி சொன்னாள். அங்கே பார்க்கு இருந்திருந்தால், கால்வாயை மூடியிருந்தால், அந்தத் தண்ணி எங்கே போயிருக்கும்? நம் தெருவுக்குத்தான்.

மதகுக்குப் பக்கத்தில், நீங்கள் உட்காருவீர்களே, சரியாக அந்த இடத்தில் கரை கசிய ஆரம்பித்தது. ரோடெல்லாம் அறுந்து ஷிப்ட் பஸ் வராததால் பெண்கள் எல்லாம் ரூமில்தான் இருந்தார்கள். நான் மேலே போய்ச் சொன்னேன். சொன்ன மாத்திரத்தில் இறங்கிவிட்டார்கள். நம் ஆம்பிளைகள் ஆளுக்கொரு மண்மூட்டையைத் தூக்கிக்கொண்டு, சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து, ஒருத்தன் மேல் ஒருத்தன் மோதிக்கொண்டு கிடந்தார்கள். மகேஸ்வரி பார்த்தாள். தெருமுனையிலிருந்து கரை வரைக்கும் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினாள், உங்கள் கம்பெனி லைன் மாதிரியே. யாரும் நகரவில்லை, மூட்டை மட்டும் கை மாறிக் கை மாறிப் போனது. கொட்டுகிற மழையில் பெரிய மாமா குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரத்தில் குடையைப் போட்டுவிட்டு அவரும் லைனில் நின்றார்.

கசிவு அடங்கினதும் கரைமேல் ஏறிப் பார்த்துவிட்டு, "நின்னு போச்சு. எல்லாம் ஓகேவா?" என்று கேட்டார். அவருக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததோ!

"ஓகே தாத்தா!"

டப், டப், டப். ஈரக் கையில் தட்டின சத்தம். அவர் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார் பார், இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. பிறகு என் கிட்டே வந்து, "அந்த சாத்தான்குளத்துப் பொண்ணு இருந்திருந்தா இன்னேரம் வாயாடிகினு இருக்கும்" என்றார்.

இப்போது மாடி ரூமில் புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண்கள் வந்திருக்கிறார்கள். போன வாரம் சாயங்காலம் அவர்கள் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிறேன், பெரிய மாமாவின் குரல் கேட்கிறது. அதே கத்தல், அதே தடி. இத்தனைக்குப் பிறகுமா என்று கிட்டே போனேன்.

"இன்னாம்மா, அறிவு கீதா உங்களுக்கு? அங்க போய் குந்திகினு கீறீங்க? மண்ணு இன்னும் எளக்கமா கீது, சரிஞ்சா இன்னா ஆவறது? இந்தாண்ட வந்து குந்துங்க!"

தடியால் இடத்தைக் காட்டுகிறார் இசக்கி. அங்கேயிருந்த முள்ளைச் செதுக்கி, மீந்துபோன மண்மூட்டைகளை வரிசையாக அடுக்கி, மேலே சாக்கு விரித்து வைத்திருக்கிறார். அவரே செய்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் பயந்துபோய் எழுந்து போய் அதில் உட்கார்ந்தார்கள். ஏன் இந்தக் கிழவர் இப்படித் திட்டுகிறார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத்தான் தெரியும். நீ கேட்டாயே, அப்போது வாயை மூடிக்கொண்டிருந்த மனுஷன். இவ்வளவு லேட்டாகவா பதில் சொல்வது? நீ இருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாதா?

ஆனால் ஒன்று, அது மண்மூட்டை. பெரிய மாமாவுக்கும் வயசாகிவிட்டது. அவர் போன பிறகு அடுத்த ஒருத்தர் தடியோடு வந்தால்? இந்தப் புது பார்க்குக்காரன் வேலி போட்டு அடைத்தால்? சாக்கு விரித்த இடத்தை யார் கேட்பார்கள்?

அதனால் கூட்டத்துக்கு நான் போகிறேன். புதுப் பெண்களுக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டேன், மைக்கில் எவன் 'ஓகேவா' என்று கேட்டாலும் வாயைத் திறக்கக்கூடாது, கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று. இந்தத் தடவை பார்க்கு வேண்டாம் என்பதை இரண்டாவதாகத்தான் பேசுவேன். ஊர்ப் பேரைச் சொல்லிவிட்டு முதலில் உன் கேள்வியைத்தான் கேட்பேன். நாங்கள் எங்கே உட்காருவது? கோட்டுக்காரரையும் கேட்பேன், அதிகாரியையும் கேட்பேன், நம் ஊரையும் கேட்பேன். ஏரிக்கரையில் அந்த இடம் இங்கே பிழைக்க வந்த பெண்களுக்கு என்று ஊர் வாயால் சொல்ல வேண்டும். சொல்கிற வரைக்கும் மைக்கை யாரிடமும் கொடுக்க மாட்டேன். மண்டபத்தில் எத்தனை நாற்காலி காலியாக இருந்தாலும் உட்கார மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

நான் நிற்கிறேன். நீ குந்தும்மா.

சண்டைக்கும் சமாதானத்துக்கும் கீழ்வீட்டிலேயே இருக்கும்
உன் அக்கா,
கோமளா